மலை ஏற ஏற மாறும் மரங்கள்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கொங்கு நாட்டு வீடுகளில் அரப்பைத் தேடுவார்கள். சீயக்காய்த்தூளும் ஷாம்புவும் வந்தபின் அதன் மதிப்புச் சற்றுக் குறைந்துவிட்டது என்றாலும், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் அரப்பு இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது. ஊஞ்சை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த பொடியே அரப்பு. உசிலை என்றும் இம்மரத்தைச் சொல்வார்கள். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலும் வேலியோரத்திலும் யாரும் நடாமலே முளைத்து, மழை பொய்த்த ஆண்டிலும் பட்டுப்போகாமல் நிற்கும் மரம் அது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆழியாறு அணையை ஒட்டிய மலையடிவாரத்திலும் இத்தகைய வறட்சி தாங்கும் மரங்களை நீங்கள் காணலாம். அங்கிருந்து வால்பாறைக்குப் போகும் பேருந்தில் சன்னலோரமாக உட்கார்ந்து, ஊஞ்சை மரத்தைத் தேடிக்கொண்டே செல்லுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. பாதி மலை ஏறுவதற்குள் ஊஞ்சை மறைந்துவிடும். வால்பாறையைச் சூழ்ந்த காட்டில் எவ்வளவு தேடினாலும் அதைக் காண முடியாது. இத்தனைக்கும் ஆழியாற்றிலிருந்து வால்பாறை, பறவை பறக்கும் தூரத்தில் இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. காற்றும் வெள்ளமும் பறவைகளும் விலங்குகளும் எத்தனையோ விதைகளை அதைவிட நெடுந்தொலைவு கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அப்படியிருக்க இம்மரம் மலை ஏறாமல் தடுப்பது எது?

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று வால்பாறைக்கும் மேலே காத்திருக்கிறது. அக்காமலைக்கு அப்பாலுள்ள உச்சிப் பகுதியை 'கிராஸ் ஹில்ஸ்', அதாவது புல்மலை, என்பார்கள். அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. மண்ணும் நல்ல மண். ஆயினும் மலைமுதுகு முழுவதும் வெறும் புல். மரங்களோ மலைமடிப்புகளில் மட்டும் கூட்டம் கூட்டமாக ஒடுங்கி நிற்கின்றன. ஒரு மரம்கூட அந்த எல்லையைத் தாண்டி வெளியே கால் வைப்பதில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இல்லை. முதலாவது எளிது, அதை முதலில் பார்ப்போம்.

ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை

நாம் பேசும் மலைப்பகுதியின் பெயர் ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1976ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்று, 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. பெயர் புலியினுடையது என்றாலும், தாவரவியல் பயிலும் மாணவருக்கு அங்குள்ள பெரிய பாடம் உயரந்தான். காப்பகத்தின் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 340 மீட்டர். உயர்ந்த சிகரம் 2,513 மீட்டர். ஒரே நாளில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம் அடங்கியிருக்கிறது.

மலைமேல் குளிரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் குளிர வேண்டும்? கதிரவனுக்கு அருகில் போகப் போகச் சூடு கூடத்தானே வேண்டும் என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் கதிரவன் பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான். இரண்டு கிலோமீட்டர் நெருங்கியதில் என்ன வந்துவிடப் போகிறது? மேலும், வெயில் காற்றை நேரடியாக மிகுதியாகச் சூடாக்குவதில்லை. அது நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பு மேலே இல்லை, கீழே இருக்கிறது. சூடேறிய காற்று மேலெழும்போது, அங்கே வளிமண்டல அழுத்தம் குறைவாதலால் அது விரிகிறது. விரியும் காற்று தன் வெப்பத்தையே செலவிட்டுக் குளிர்ந்துபோகிறது. சைக்கிள் டயரின் வால்வை அமுக்கினால் சீறிவரும் காற்று விரலில் சில்லென்று படுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே செயல்தான் இங்கு மலையளவில் நடக்கிறது.

சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். பொள்ளாச்சி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு சித்திரைப் பிற்பகலில் அங்கு 36 பாகை என்றால், அதே நேரத்தில் 2,300 மீட்டர் உயரப் புல்மலையில் 23 பாகை அளவில் இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். உங்களிடம் ஒரு வெப்பமானி இருந்தால், வால்பாறைப் பயணத்தில் நிழலில் பிடித்து ஒவ்வொரு பத்து வளைவுக்கும் ஒருமுறை குறித்துக்கொண்டு வாருங்கள். மேகமும் காற்றும் கணக்கைக் கொஞ்சம் குழப்பும். ஆனால் போக்கு தெளிவாகத் தெரியும்.

அழுத்தமும் குறைகிறது என்றோம். வால்பாறை உயரத்தில் தண்ணீர் 100 பாகையை எட்டாமல் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். புல்மலை உயரத்தில் 92 பாகை போதும். பானையில் அரிசி வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிப்பது இதனால்தான். தாவரங்களைப் பொறுத்தவரை, மெலிந்த காற்றின் வழியே புறஊதாக் கதிர்கள் மிகுதியாக வந்து விழுகின்றன என்பதையும், இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வானுக்குத் தப்பிவிடுகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

குளிரோடு மழையும் மாறுகிறது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது, ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க இயலாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. கோயமுத்தூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 600 முதல் 700 மில்லிமீட்டர். வால்பாறையிலோ சுமார் 3,500 மில்லிமீட்டர். அதனை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று.

அடிவாரத்திலிருந்து மழைக்காடு வரை

ஊஞ்சையின் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரிசிமணி போன்ற நூற்றுக்கணக்கான சிற்றிலைகள். பெரிய இலை வெயிலில் தகதகவென்று சூடேறும். அதைக் குளிர்விக்க நிறையத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். சின்னஞ்சிறு இலைக்கோ வீசும் காற்றே போதும். அடிவார முட்புதர்க் காட்டில் ஊஞ்சையோடு நிற்கும் வெள்வேல், கிளுவை, சதுரக்கள்ளி ஆகிய எல்லாமே ஏதாவது ஒரு வகையில் தண்ணீர்ச் சிக்கனக்காரர்கள்தாம். கிளுவை ஆண்டின் பெரும்பகுதி இலையே இல்லாமல் பச்சைத் தண்டோடு காலம் தள்ளும். சதுரக்கள்ளியோ இலையைப் பெரும்பாலும் கைவிட்டுத் தண்டையே சமையலறையாக்கிக் கொண்டுவிட்டது.

சற்று மேலே சென்றால் இலையுதிர் காடு. டாப்சிலிப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர் அது. தேக்கு, வேங்கை, ஈட்டி, மருது, மூங்கில் ஆகியவை இங்கே ஓங்கி வளர்கின்றன. இங்குள்ள மரங்களின் சிக்கனம் வேறு வகை. மழைக்காலத்தில் முறம் போன்ற இலையை விரித்துத் தாராளமாகச் செலவு செய்யும் தேக்கு, தை, மாசியில் அத்தனை இலையையும் உதறிவிட்டு மொட்டையாக நிற்கும். தண்ணீர் உள்ளபோது முழுக் கடை, இல்லாதபோது கதவடைப்பு.

இன்னும் ஏறி, மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டி, வறண்ட மாதங்களும் குறைந்துவிட்டால், இலையை உதறும் மரம் போட்டியில் தோற்றுவிடும். ஆண்டு முழுவதும் இலை வைத்திருப்பவனே ஆண்டு முழுவதும் ஒளியைப் பெறுகிறான். டாப்சிலிப்புக்கு அருகிலுள்ள கரியன் சோலையிலும், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே தீவுகளைப்போல் எஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளிலும் காண்பது இந்தப் பசுமைமாறாக் காடுதான். முப்பது, நாற்பது மீட்டர் உயரம்; ஆழமற்ற ஈரமண்ணில் அவ்வளவு பெரிய உடலைத் தாங்கப் பலகைபோல் விரிந்த வேர்கள்; மழைநீர் தங்காமல் வழிந்தோட வால்போல் நீண்ட இலைநுனி. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் இங்கே உரியவை. வெடிப்பலாவின் முள் நிறைந்த காயை உடைத்துத் தின்னும் சிங்கவால் குரங்கின் வாழ்வே அம்மரத்தோடு பிணைந்துள்ளது.

ஊஞ்சை ஏன் இங்கு வரவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். குளிர் அதைக் கொன்றுவிடுவதில்லை. இங்கே விழுந்த விதை முளைத்தாலும், நாற்பது மீட்டர் உயரக் கூரையின் நிழலில் அதற்கு வெளிச்சம் கிடைக்காது. வறுமையில் வாழக் கற்றுக்கொண்ட மரம், செல்வத்தில் நடக்கும் போட்டியில் நிற்க முடியாமல் போகிறது. ஒரு செடியின் கீழ் எல்லையையோ மேல் எல்லையையோ காணும்போது, தட்பவெப்பம் மட்டுமே அதை விதித்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அண்டை அயலாருக்கும் அதில் பங்கு உண்டு.

நம் உழவர்களுக்கு இந்த அடுக்குமுறை புதிதல்ல. பொள்ளாச்சியில் தென்னை, மலையிடையில் காப்பியும் மிளகும், அதற்கு மேல் தேயிலை என்று மலைச்சரிவுகளைப் பயிர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் அவர்களே. தேயிலைக்காக வால்பாறை மேட்டுநிலத்தின் மழைக்காடு அழிக்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அந்த வரலாற்றைத் தனியே எழுதலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இத்தனை மீட்டரில் இந்தக் காடு' என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிடாதீர்கள். வால்பாறையிலிருந்து கிழக்கே, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கேயுள்ள அமராவதி, மஞ்சம்பட்டி, சின்னாறு பகுதிகளுக்குப் போனால் அட்டவணை கிழிந்துவிடும். மேற்கில் மழையைக் கொட்டித் தீர்த்த காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுகிறது; சூடேறிய காற்று மழையைத் தருவதற்குப் பதில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சின்னாற்றுப் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவே. மேற்கே மழைக்காடு நிற்கும் அதே உயரத்தில் இங்கே கள்ளியும் முள்ளும் நிற்கின்றன. உயரம் தானாக எதையும் செய்வதில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் ஒளியையும் மாற்றுவதன் மூலமே அது தாவரங்களை ஆள்கிறது. அந்த மாற்றம் மலையின் எந்த முகத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மரம் தாண்டாத கோடு

இனி இரண்டாவது புதிருக்கு வருவோம். வனத்துறையின் அனுமதியின்றிப் புல்மலைக்குப் போக முடியாது. ஆகவே மனத்தால் ஏறுவோம்.

1,500 மீட்டரைத் தாண்டியதும் மரங்கள் குள்ளமாகத் தொடங்குகின்றன. 2,000 மீட்டரில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த மரம் அரிது. இலைகள் சிறுத்து, தடித்து, தோல்போல் விறைப்பாக இருக்கும். குளிரில் மட்கு மெல்லவே சிதைகிறது. சத்துகள் மெல்லவே வெளிவருகின்றன. அரிதாகக் கிடைத்த சத்தில் செய்த இலையை எளிதில் இழக்க மரத்துக்கு மனம் வராது. நெடுநாள் உழைக்கும்படி கெட்டியாகச் செய்கிறது. இளந்தளிர்கள் செம்பும் சிவப்புமாகத் தோன்றுவது கண்ணுக்கு விருந்து. கடுமையான ஒளியிலிருந்து இளம் திசுக்களைக் காக்க அந்தச் செந்நிறப் பொருள் உதவுகிறது என்பது ஒரு விளக்கம். கிளையெங்கும் பாசி, பெரணி, ஆர்க்கிட் ஆகியவை தொற்றி வளர்கின்றன. மூடுபனி தவழும்போது பாசிகள் அதன் நுண்துளிகளைச் சீப்புபோல் வாரியெடுத்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குத் தருகின்றன. இக்காடுகளுக்குப் பெயர் சோலை. நம் சொல்லை ஆங்கிலேய வன அதிகாரிகள் கடன் வாங்கி, அறிவியல் நூல்களில் ஏற்றி, உலகெங்கும் வழங்கச் செய்துவிட்டார்கள்.

சோலையின் விளிம்பில் நின்று ஓர் அடி வெளியே வைத்தால் புல்வெளி. இடையில் படிப்படியான மாற்றம் எதுவும் இல்லை. கத்தியால் வெட்டியது போன்ற கோடு. புல்லுக்கு நடுவே காசித்தும்பை இனங்களும், பூச்சியைப் பிடித்துத் தின்னும் அழுகண்ணி இனச் செடியும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் உண்டு. மரம் என்று சொல்லத்தக்கது காட்டுப் பூவரசு ஒன்றுதான். தடித்த பட்டையும் கம்பளி பூசிய இலையடியும் கொண்ட அது குளிரையும் தீயையும் தாங்கி, குருதிச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது.

இந்தக் கோடு ஏன்? 1938ஆம் ஆண்டு 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் இதைப்பற்றி ஒரு விவாதம் நடந்தது. நீலகிரிப் புல்வெளிகளை ஆராய்ந்த வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன், உறைபனியே காரணம் என்றார். புல்லும் சோலையும் இரண்டுமே இயற்கையின் முடிந்த நிலைகள் என்பது அவர் கருத்து. புல்லியல் அறிஞர் என். எல். போர் இதை ஏற்கவில்லை. மனிதன் வைத்த தீயும் மேய்த்த மாடும் சோலையை அழித்ததால் வந்தவையே புல்வெளிகள். அவற்றைச் சும்மா விட்டால் மீண்டும் காடாகும் என்றார்.

இது ஏட்டளவில் நின்ற சண்டை அன்று. புல்வெளி என்பது அழிந்த காடு என்றால், அங்கே மரம் நடுவது திருப்பணி. அது தொன்மையான இயற்கை என்றால், மரம் நடுவதே அழிவு வேலை. பல்லாண்டுக் காலம் நிர்வாகம் முதற்கருத்தின்படியே நடந்தது என்பதை நீலகிரிக்கும் பழனிமலைக்கும் போனவர்கள் கண்ணாரக் காணலாம். பதனிடும் பட்டைக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரமும், விறகுக்கும் கூழுக்கும் தைலமரமும், பைனும் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. 'வெறும் புல்' என்ற சொல்லில் உள்ள 'வெறும்' செய்த கேடு அது. ஆனைமலையின் புல்மலை பெரிதும் தப்பித்தது.

சேறு சொன்ன சாட்சி

விவாதத்துக்கு ஓரளவு விடை தந்தது சேறு. நீலகிரியின் சதுப்புகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செத்த தாவரங்கள் அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கின்றன. வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் கரியமிலவாயுவைப் பிடிக்கும் முறை வேறுவேறு. அதனால் அவற்றின் உடலில் சேரும் கனமான கரியணுவின் விகிதமும் வேறுபடுகிறது. ஓர் அடுக்கிலுள்ள கரியை அளந்தால் அக்காலத்தில் அங்கே புல் மிகுந்திருந்ததா, மரம் மிகுந்திருந்ததா என்று சொல்லிவிடலாம். ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் இம்முறையில் செய்த ஆய்வு 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அம்மலைகளில் புல் மிகுந்திருந்தது என்பது தெரியவந்தது. வேளாண்மையோ மாடு மேய்ப்போ தோன்றாத காலம் அது. ஆகவே புல்வெளி மனிதன் படைத்தது என்ற வாதம் நிற்கவில்லை. தீக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் மறுக்க முடியாது.

உறைபனி எவ்வாறு காவல் காக்கிறது? மார்கழி, தை மாத இரவில் வானம் தெளிந்து, காற்று அடங்கியிருக்கும். பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் வானுக்கு இறைத்துவிடுகிறது. மெல்லிய காற்றும் மேகமற்ற வானும் அதைத் தடுப்பதில்லை. புல்நுனியின் வெப்பம் சுழிக்கும் கீழே இறங்கி, விடியலில் உப்புப் பரப்பியதுபோல் வெண்மை பூத்துக் கிடக்கும். மரக்கன்றின் உயிர் அதன் உச்சிக்குருத்தில் இருக்கிறது. குருத்துக்குள் நீர் உறைந்து பனிப்படிகமானால் உயிரணுச் சவ்வுகள் கிழிகின்றன. அதைத் தாங்கிக்கொண்டாலும், விறைத்த இலைமேல் காலையில் சுள்ளென்று விழும் வெயில் மிச்ச உயிரையும் எடுத்துவிடும். புல்லின் குருத்தோ தூரில், காய்ந்த சருகுப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே கருகினாலும் மழை வந்ததும் துளிர்த்துவிடும்.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: "குளிர்ந்த காற்று கனமானது, அது பள்ளத்தில்தானே போய்த் தேங்கும்? அப்படியானால் பள்ளத்தில் நிற்கும் சோலைதானே முதலில் சாக வேண்டும்?" உண்மைதான். தட்டையான பள்ளத்தாக்கின் அடியில் பெரும்பாலும் சோலை இருப்பதில்லை. சதுப்பும் புல்லுமே இருக்கும். சோலை நிற்பது ஓடையோரச் சரிவின் மடிப்புகளில். அங்கே மண் ஆழம், ஈரம் மிகுதி, காற்றுக்கு மறைவு. இவற்றைவிட முக்கியமானது சோலையின் கூரை. வெப்பத்தை இரவில் வானுக்கு இழப்பது கூரையின் மேற்புறம். அதன் அடியில் தரை கதகதப்பாகவே இருக்கும். சோலை தன் பிள்ளைகளுக்குத் தானே போர்வையாகிறது. போர்வையைத் தாண்டி விழுந்த விதை, முளைத்த முதல் பனிக்காலத்திலேயே மடிகிறது. கத்தியால் வெட்டிய கோடு இப்படித்தான் உண்டாகிறது.

பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தினர் நீலகிரியில் இதைச் சோதித்துப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். புல்வெளியில் வைத்த சோலை மரக்கன்றுகளை உறைபனி கடுமையாகப் பாதித்தது. சீகைக்கன்றுகளோ பனியைத் தாக்குப்பிடித்தன. இது வியப்பன்று. சீகை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் பிறந்தது. உறைபனி அதற்குப் பழக்கமானது. நம் மரங்களுக்குத் தாண்ட முடியாத கோட்டை அது எளிதாகத் தாண்டுகிறது.

"மரம்தானே வளர்கிறது, வளரட்டுமே" என்று உடுமலையிலோ பொங்கலூரிலோ இருக்கும் ஓர் உழவர் சொல்லலாம். அவர் வயலுக்குப் பாயும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் நீரில் பெரும்பகுதி நீராறு, சோலையாறு, ஆழியாறு முதலிய ஆனைமலை ஆறுகளின் நீர். ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கர் பாசனம் அதை நம்பியிருக்கிறது. நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் தைலமரம் நட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டில் தைலமரம் நட்ட பகுதியிலிருந்து வந்த நீர் 16 விழுக்காடு குறைந்தது. மரம் மிகுந்தால் ஓடையில் நீர் மிகும் என்ற பொதுநம்பிக்கை இங்கே பொய்த்தது. குளிரில் மெல்ல வளரும் புல், மண்ணில் இறங்கும் நீரில் மிகக் குறைவாகவே குடிக்கிறது.

மேலே போக இடமில்லாதவை

உறைபனி கோட்டைக் காக்கிறது என்றால், உறைபனி குறைந்தால் என்னாகும்? ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை என்ற கணக்கைத் திருப்பிப் போடுங்கள். புவி ஒரு பாகை சூடேறினால், ஒரு செடி பழைய குளிரைத் தேடி ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்ல வேண்டும். இரண்டு பாகை என்றால் 300 மீட்டர். அடிவாரத் தேக்குக்கும் மலையிடை நாங்குக்கும் மேலே இடம் இருக்கிறது. புல்மலையில் 2,300 மீட்டரில் நிற்கும் காசித்தும்பைக்கு 2,600 மீட்டர் வேண்டும். சிகரமோ 2,513இல் முடிந்துவிடுகிறது.

முன்பும் இப்படி நேர்ந்ததுண்டு. காட்டுப் பூவரசின் நெருங்கிய உறவினர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலையில் இருக்கிறார்கள். இடைப்பட்ட சமவெளியில் ஒருவரும் இல்லை. பனியுகக் குளிரில் இத்தகைய மரங்கள் தாழ்வான மலைகளிலும் வாழ்ந்து, மலைக்கு மலை தாவித் தெற்கே வந்திருக்கலாம். பின்னர் வெப்பம் உயர்ந்தபோது உச்சிகளில் ஒதுங்கி, தீவில் மாட்டிக்கொண்டவர்களைப் போல் தனித்துப் போயிருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்தத் தீவு இப்போது மேலும் சுருங்குகிறது.

தாவரங்கள் உண்மையிலேயே மேலே நகர்கின்றனவா என்று அறிய, பழைய கணக்கு வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1802இல் தென் அமெரிக்காவின் சிம்போராசோ எரிமலையில் ஏறி, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று மலையின் படத்திலேயே பெயர்களை எழுதி 1807இல் வெளியிட்டார். உயரத்தையும் தாவரத்தையும் இணைத்த முதற்பெரும் படம் அது. 2012இல் அதே மலையில் மீண்டும் ஏறியவர்கள், செடிகள் சராசரியாக 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டன என்றார்கள். பின்னர் 2019இல் வேறு சிலர், ஹம்போல்டின் குறிப்புகளில் பெரும்பகுதி உண்மையில் அண்டிசானா என்ற வேறு மலையில் எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடித்து, அங்கே ஏறி அளந்து, உயர்வு 215 முதல் 266 மீட்டர் என்று திருத்தினார்கள். குறிப்பைச் சரியான இடத்தோடு எழுதிவைப்பதன் அருமை இதிலிருந்து விளங்கும்.

ஆனைமலைக்கும் அத்தகைய பழைய குறிப்பு உண்டு. சி. இ. சி. ஃபிஷர் என்ற வன அதிகாரி கோயமுத்தூர் மாவட்டத்து ஆனைமலைத் தாவரங்களைத் தொகுத்து 1921இல் ஒரு நூலாக வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் பல தலைமுறை தாவரவியலார் சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிய செடிகள் இன்று கோயமுத்தூரில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பல தாள்களின் மூலையில் சேகரித்த நாள், இடம் ஆகியவற்றோடு உயரமும் அடிக்கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாள்களில் ஒன்றில் உள்ள செடியை, அதே மலையின் அதே சரிவில் தேடிப்போய், இப்போது அது எத்தனை அடியில் நிற்கிறது என்று அளப்பதற்கு ஓர் உயரமானியும் வனத்துறையின் அனுமதியும் நல்ல கால்களும் போதும்.